சான் டியேகோவும் யாழ்ப்பாணமும்: பம்பலப்பிட்டியின் உடல்நலக் கோச்சுக்கு இரண்டு பாடசாலைகள்

காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் நடந்தால் மாடிப்படி ஓரங்களில் பலகைகள் தொங்கும். ஜிம், யோகா வகுப்பு, எடைக்குறைப்பு, நீரிழிவுக்காரருக்குச் சாப்பாட்டு ஆலோசனை. உள்ளே இருப்பவர் வைத்தியரும் அல்லர், தாதியும் அல்லர். மாஸ்டர், மிஸ், கோச் என்று ஆளுக்கொரு விதமாக அழைக்கப்படும் அவர்தான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒருவருடைய மூச்சு, முதுகு, நித்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரிக்கிறார். வைத்தியரின் அறையில் சில நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க ஏலாததை ஆட்கள் இவரிடம் சொல்லிவிடுகிறார்கள். வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடுகிறது.

இந்தப் பகுதியின் உடம்புகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாகப் படுத்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய், சில வருடத்தில் திரும்பி வந்தவர்கள் இன்று முதியவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் கதவு தட்டப்பட்ட சத்தத்தை எந்த நீதிமன்றமும் திருப்பி எடுக்க முடியாது. 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து மிஞ்சி வந்தவர்களும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது பூசைக்கு நின்றவர்களும் இதே வகுப்புகளுக்கு வருகிறார்கள். எல்லோரும் நோயாளிகள் அல்லர். பெரும்பாலோர் தங்கள் பாட்டில் எழுந்து நடந்தவர்கள். என்றாலும், யார் எதைச் சுமந்துகொண்டு வந்து பாயை விரிக்கிறார் என்பது கோச்சுக்குத் தெரியாது. தெரியாத நிலையிலும் காயம் செய்யாமல் பழகுவது எப்படி என்பதுதான் மனவடு அறிந்த அணுகுமுறையின் முழுக் கேள்வியும்.

இந்தக் கேள்விக்கு இரண்டு ஊர்கள் தனித்தனியாக விடை தேடியிருக்கின்றன. ஒன்று கலிபோர்னியாவின் சான் டியேகோ, மற்றது யாழ்ப்பாணம். தொடங்கிய காலம் ஏறக்குறைய ஒன்றே. முதலாவது ஊரின் பாடம் இணையவழிச் சான்றிதழ் வகுப்பாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றது முந்நூறு மைலுக்குள், அதுவும் தமிழில் இருக்கிறது. அப்படியிருந்தும் கொழும்பின் உடல்நலக் கோச்சுகள் அதைப் படிப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதனால் அவசியமாகிறது.

சான் டியேகோவின் கதை எடைக்குறைப்பு வகுப்பில் தொடங்குகிறது. கோச்சுகள் இதைக் கவனிக்க வேண்டும். 1985 அளவில் கைசர் பெர்மனென்றே என்ற மருத்துவ நிறுவனத்தில் வின்சென்ற் பெலிற்றி என்ற வைத்தியர் அதீத உடற்பருமனுக்கான திட்டம் ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே நடுவழியில் விட்டுப் போனார்கள். தோற்றவர் போவது விளங்கும், வெல்லுகிறவர் ஏன் போக வேண்டும்? அவர்களை அழைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டபோது பலர் சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தது வெளிவந்தது. சிலருக்குப் பருமன் ஒரு கவசம்: உடம்பு பெருத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எடை குறையக் குறையக் கவசம் கழன்றது, பயம் திரும்பியது. எடைக்குறைப்பு வகுப்பு நடத்துகிற எவரும் இந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். தான் வெற்றி என்று கைதட்டிய கிலோக்கணக்கு எதிரில் இருப்பவருக்கு ஆபத்தாகத் தெரிந்திருக்கலாம்.

பெலிற்றியும் ஆய்வாளர் றொபேட் அண்டாவும் அதைத் தொடர்ந்து பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பாதகமான குழந்தைப்பருவ அனுபவங்களை விசாரித்தார்கள். 1998இல் வெளியான முதல் கட்டுரையில், பதில் தந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒரு வகை அனுபவத்தையாவது சொல்லியிருந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் காப்புறுதி உள்ள, படித்த நடுத்தர வர்க்கத்தினர். அனுபவங்களின் வகை கூடக் கூட இதயநோய், புகைத்தல், மதுப்பழக்கம், மனச்சோர்வு எல்லாம் கூடின. 2014இல் அமெரிக்க அரசின் உளநலச் சேவை நிர்வாகமான சாம்சா, மனவடு அறிந்த அணுகுமுறைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அது கேட்பவை நான்கு: மனவடு எவ்வளவு பரவலானது என்று உணர வேண்டும், அதன் அடையாளங்களைக் கண்டுகொள்ள வேண்டும், அந்த அறிவை நிறுவனத்தின் நடைமுறையாக்க வேண்டும், மறுபடி காயப்படுத்தாமல் இருக்க வேண்டும். பாதுகாப்பு, நம்பகம், சமமானவர்களின் ஆதரவு, சேர்ந்து செய்தல், தெரிவும் குரலும், பண்பாடு வரலாறு பால்நிலை பற்றிய கவனம் என்று ஆறு கோட்பாடுகளையும் அது வகுத்தது. இன்று உடல்நலக் கோச்சுகளுக்கு விற்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த நான்கையும் ஆறையும் சுற்றியே கட்டப்பட்டவை.

யாழ்ப்பாணத்துக்குக் காத்திருந்து வகுக்க அவகாசம் இருக்கவில்லை. சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் 1987இல் தொடங்கியது. யாழ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்ற தமிழ் நூலை எழுதினார். மறு ஆண்டு அவரும் சக ஆய்வாளர் சிவயோகனும் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, வடக்கின் சாதாரணக் குடிமக்களில் போர் நெருக்கீடு எதையும் காணாதவர் 6 சதவீதம் மட்டுமே என்றது. அதே ஆய்வில் மனவடு நோய் 27 சதவீதம், மனச்சோர்வு 25 சதவீதம். எல்லாவற்றிலும் மேலே நின்றது உடல் முறைப்பாடு: 41 சதவீதம். தலையிடி, நெஞ்சிடி, உடம்பு உளைவு, மூச்சு முட்டு, கால் எரிவு. எங்கள் ஆட்களின் துயரம் முதலில் வருகிற வாசல் உடம்புதான். கோச்சின் பாயில் வந்து படுப்பதும் அந்த உடம்புதான்.

உளமருத்துவர்கள் விரலில் எண்ணும் அளவில் இருந்த இடத்தில், யாழ்ப்பாணம் பயிற்சி கொடுத்தது சாதாரண ஆட்களுக்கு. ஆசிரியர்கள், குடும்பநல ஊழியர்கள், கிராம சேவையாளர்கள், குருமார், கன்னியாஸ்திரிகள், நாட்டு வைத்தியர்கள், தொண்டு நிறுவன இளைஞர்கள். நாளாந்தம் மக்களோடு பழகுகிறவர்களிடம் கேட்கவும் ஆறுதல் சொல்லவும் ஏலாததை மேலே அனுப்பவும் பழக்கினார்கள். இன்றைய பம்பலப்பிட்டிக் கோச் இந்த வரிசையில் வரவேண்டிய ஆள். பட்டம் இல்லாதவர், ஆனால் ஆட்களுக்கு மிகக் கிட்ட இருப்பவர்.

முதல் வேறுபாடு எங்கே பார்க்கிறார்கள் என்பதில். சான் டியேகோ வழி ஒரு மனிதரின் குழந்தைப் பருவத்தைப் பார்க்கிறது. வீட்டுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன? யாழ்ப்பாண வழி ஊரைப் பார்க்கிறது. 2007இல் சோமசுந்தரம் எழுதிய கூட்டு மனவடு பற்றிய கட்டுரையில் நோய்க்குறிகளாக வருபவை நம்பிக்கையின்மை, சந்தேகம், மௌனம், தங்கியிருத்தல், தலைமை இல்லாமை. ஒரு ஆளின் மூளைக்குள் மட்டும் தேடி இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. கொழும்பில் ஒரு கோச்சுக்கு இந்தப் பார்வை உடனடியாக உதவும் இடம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர வருபவரிடம் நீட்டும் படிவத்தில் அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கொழும்புக்கு வரமுன் இருந்த இடம் என்று கோடுகள் இருக்கும். வெளிநாட்டுப் பாடநெறியில் இது ஒரு சாதாரணப் படிவம். போர்க்காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு இதே கோடுகள் பொலிஸ் பதிவுப் படிவத்தின் கோடுகள். ‘சொந்த ஊர் எது’ என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லாவிட்டால் ராத்திரி எங்கே படுப்பது என்ற காலம் அது. அந்தப் படிவத்தைப் பார்த்ததும் வியர்த்து, ‘பிறகு நிரப்பித் தாறன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராதவரைக் கோச் ‘ஆர்வமில்லாதவர்’ என்று எழுதிவைக்கக்கூடும்.

சாம்சாவின் ஆறாவது கோட்பாடும் வரலாற்றைப் பார்க்கச் சொல்லுகிறதுதான். ஆனால் ஒரு கோட்பாடாகச் சொல்லி விட்டுவிடுகிறது. எந்த வரலாறு, எந்தப் படிவம் என்று இடத்தவர்தான் நிரப்ப வேண்டும். சான்றிதழ் வகுப்பில் அதை நிரப்ப ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கப்படுவதில்லை என்பது என் கண்டிப்பான முறைப்பாடு.

இரண்டாவது வேறுபாடு, கேட்பதா விடுவதா என்பது. இங்கே சான் டியேகோ வழியின் பக்கம்தான் நான் அதிகம் சாய்கிறேன். அது தொடங்கியது கேட்டதில். முதிர்ந்தது கேட்காமல் பழகக் கற்றதில். ‘எல்லோரிடமும் ஏதோ இருக்கலாம் என்று வைத்து நட, கதையைத் தோண்டாதே’ என்பதுதான் கோச்சுக்கு அது தரும் முதல் கட்டளை. பாதகமான குழந்தைப்பருவ அனுபவங்களின் கேள்விப் பட்டியலை ஒவ்வொருவரிடமும் நீட்டிப் புள்ளி போடுவதை அண்டாவே 2020இல் எழுதிய கட்டுரையில் எச்சரித்தார். அந்தப் புள்ளி கூட்டத்தின் நலத்தை அளக்க உருவானது, தனியாளைத் தரம்பிரிக்க அல்ல. ஆனாலும் கோச்சுகளின் சேர்க்கைப் படிவங்களில் அந்தக் கேள்விகள் நுழைந்துகொண்டிருக்கின்றன. முதல் நாளிலேயே, பெயரும் உயரமும் எடையும் எழுதிய அதே தாளில்.

கதையைச் சொல்ல வைத்துவிட்டால் பாரம் இறங்கும் என்ற எண்ணம் எங்களிடமும் பலமாக இருக்கிறது. ‘அழுது கொட்டிவிடட்டும்’ என்போம். ஆனால் 1997இல் பிரித்தானியாவில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஆய்வொன்றில், சம்பவத்தை ஒரே அமர்வில் விவரிக்க வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்குப் பதின்மூன்று மாதம் கழித்து மனவடு நோய் இருந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 9 சதவீதம். ஒரு ஆய்வை வைத்து எல்லாம் முடிவாகாது, ஆனால் பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் அந்த முறையால் நன்மை இல்லை என்றே சொல்லின. உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிடச் சொன்னது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையோர முகாம்களில் வெளியிலிருந்து வந்து இறங்கியவர்கள் பலர் இந்த முறையோடுதான் வந்தார்கள். மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அலை வந்த நேரத்தைக் கேட்டார்கள். கேட்டவர் அடுத்த கிழமை விமானம் ஏறினார்.

யாழ்ப்பாணப் பயிற்சியில் கேட்பதற்கு இடம் அதிகம். அது உளசமூகப் பணியாளரை உருவாக்க வந்தது என்பதால் அது சரியும்கூட. கோச் பணியாளர் அல்லர். அவரிடம் வந்தவர் முதுகுவலிக்கு வந்தவர். தன் கதையைத் திறக்க உடன்பட்டு வந்தவர் அல்லர். பம்பலப்பிட்டி மாதிரி ஒரு இடத்தில் இன்னொரு காரணமும் சேருகிறது. இங்கே கோச்சின் மைத்துனி வந்தவரின் மகளோடு படித்திருப்பார். இருவரும் வெள்ளிக்கிழமை கதிரேசன் கோயிலில் முகத்துக்கு முகம் சந்திப்பார்கள். சொல்லிவிட்ட ரகசியம் வீதியில் எதிரே வருகிறது. சொன்னவர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். அமெரிக்கப் பாடநெறி சொல்லும் தன்னடக்கம் எங்கள் நெருக்கமான வாழ்க்கைக்கு அமெரிக்காவைவிடக் கூடுதலாகவே பொருந்துகிறது.

மூன்றாவது, உடம்போடு வேலை செய்யும் விதம். இங்கேதான் இரண்டு வழிகளும் ஒன்றை ஒன்று நிரப்புகின்றன.

யாழ்ப்பாணத்தில் தளர்வுப் பயிற்சியை ஒவ்வொருவரின் வீட்டு வழக்கத்திலிருந்தே எடுத்தார்கள். சைவருக்கு ஓம் மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர், பௌத்தர்களுக்குச் சரணம். மூச்சோடு சேர்த்து, முன்பே நாவில் ஏறிய சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. புதிதாக எதையும் நம்பச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையின் ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்குச் சமஸ்கிருத மந்திரம் ஒலிக்கும் அறையில் வரும் சங்கடம், அதே மூச்சைச் செபமாலை மணியோடு விடும்போது வராது. இதைக் கண்டுகொள்ள வேண்டுமென்றால் ஊரோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் உளமருத்துவர் பெசல் வான் டெர் கோக்கின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால மனவடுவோடு வாழ்ந்த 64 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து வார யோகா வகுப்பு கொடுக்கப்பட்டது. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதத்தினர் மனவடு நோயின் வரையறைக்குள் இல்லை. மற்றக் குழுவில் 21 சதவீதம். அந்த யோகாவில் புதிய ஆசனம் ஒன்றும் இல்லை. புதிதாக இருந்தது ஆசிரியர் நடந்துகொண்ட விதம். கை வைத்துத் திருத்துவதில்லை. பின்னால் வந்து நிற்பதில்லை. ‘செய்’ என்பதற்குப் பதில் ‘செய்து பார்க்கலாம்’. கண் மூடுவது கட்டாயம் இல்லை. எந்த நேரமும் நிறுத்தலாம்.

எங்கள் வகுப்புகளோடு இதை ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். மாடியில் ஒரு அறை, வெளிச்சம் குறைத்து, கதவு சாத்தி, கடைசிப் பத்து நிமிடம் சவாசனம். மாஸ்டர் வரிசையில் நடந்து ஒருவரின் தோளைப் பின்னாலிருந்து அழுத்தித் தரையில் படிய வைக்கிறார். ‘கண்ணை மூடுங்கோ, ஒண்டும் யோசிக்காதேங்கோ.’ இருட்டில், மல்லாந்து, கண்மூடி, கதவு எங்கே என்று தெரியாமல், எதிர்பாராத கை. இவற்றில் ஒவ்வொன்றும் சிலருக்குத் தாங்க ஏலாதது. அவர் எழுந்து சத்தம் போடமாட்டார். அடுத்த கிழமை ‘வேலை கூட, வர நேரமில்லை’ என்று ஒரு வட்ஸ்அப் செய்தி வரும், அவ்வளவுதான்.

இதைத் திருத்தும்போதும் அமெரிக்கப் பேச்சை அப்படியே பெயர்த்து வைத்தால் எடுபடாது. ‘உங்களுக்கு விருப்பமென்றால் கையைத் தூக்குங்கோ’ என்று எல்லாவற்றுக்கும் சொல்லும் மாஸ்டரை எங்கள் ஆட்கள் தொழில் தெரியாதவர் என்றே நினைப்பார்கள். குரு சொல்லத்தான் வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. மாஸ்டர் அதிகாரத்தோடு இரண்டு வழியைக் காட்டினால் இது தீர்ந்துவிடும். ‘அக்கா, சிலர் கண்ணை மூடுவினம், சிலர் அந்த ஜன்னலைப் பாத்துக்கொண்டு படுப்பினம். ரெண்டும் சரி. கதவு பூட்டேல்லை.’ தெரிவும் இருக்கிறது, குருவும் இருக்கிறார். கடைசிச் சொல் முக்கியம்: கதவு பூட்டேல்லை. இதை ஒரு பயிற்சியில் வாயால் இருபது தடவை சொல்லிப் பழகாதவர் வகுப்பில் சொல்லமாட்டார். புத்தகத்தில் அடிக்கோடு போடுவதால் வருவதல்ல இது.

நாலாவது, இலக்கு. உடல்நலக் கோச்சிங்கின் அச்சாணியே இலக்கு வைப்பதுதான். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கம் உள்ளவர்களோடு தொடங்கிய ஊக்க நேர்காணல் முறையிலிருந்து இந்தத் தொழில் நிறைய எடுத்துக்கொண்டது: வந்தவரின் சொந்த விருப்பத்தை அவர் வாயாலேயே வரவழைப்பது. நல்ல முறை, மரியாதையான முறை. ஆனால் அது எதிர்காலம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது.

ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். வன்னியிலிருந்து வந்து மகளோடு தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறார். மகன் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. செத்தான் என்று யாரும் சொல்லவும் இல்லை. சீனி கட்டுப்படாததால் மகள் கூட்டிவந்து சேர்த்தாள். கோச் இளம் பெண், அன்போடு கேட்கிறாள்: ‘அன்ரி, இன்னும் ஆறு மாசத்தில நீங்கள் எப்பிடி இருக்க ஆசைப்படுறீங்கள்?’ தாய் சிரித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சீனி மேலே பாயும். அது மகனின் பிறந்தநாள் வரும் மாதம், பொங்கிப் படைத்து அவரும் சாப்பிடும் மாதம். கோச்சின் பதிவேட்டில் அது ‘தவறிய மாதம்’.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இவ்வகைத் துயரைத் தெளிவற்ற இழப்பு என்று எழுதினார். முடிவு தெரியாத இழப்பை முடித்துவைக்கச் சொல்வது கொடுமை என்பது அவர் நிலைப்பாடு. காணாமல் போனோருக்கான அலுவலகச் சட்டம் இலங்கையில் 2016இல் நிறைவேறியது, ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் வீதியோரப் பந்தல்களில் படத்தோடு இருந்தபடி இருக்கிறார்கள். யாழ்ப்பாண வழியில் பயின்ற ஒருவர் அந்தத் தாயிடம் ஆறு மாதத்தைக் கேட்டிருக்கமாட்டார். ‘இந்தக் கிழமை நித்திரை எப்பிடி, அம்மா?’ என்று கேட்டிருப்பார். பொங்கலை நிறுத்தச் சொல்லியும் இருக்கமாட்டார். சடங்கு ஆளை நிமிர்த்தி வைக்கும் தூண் என்று அவருக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். பொங்கலின் அளவை, மற்ற இரண்டு நேரச் சாப்பாட்டை, அந்த மாத மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேட்பதை மகளோடு சேர்ந்து திட்டமிடுவார். மகளோடு சேர்ந்து என்பதும் அந்த வழியின் குணம்தான். அமெரிக்க முறையில் தெரிவு தனியாளுடையது. குடும்பத்தை அறைக்குள் விடுவது அவர்களுக்கு ரகசியம் பற்றிய கேள்வி. எங்களுக்கு இரண்டும் உண்மை: குடும்பம் மருந்தாகவும் இருக்கும், சில வீடுகளில் காயம் வந்த இடமே குடும்பமாகவும் இருக்கும். பெலிற்றியின் வகுப்பில் வெளிவந்த கதைகளை நினைத்தால், ‘மகளையும் கூட்டிவாங்கோ’ என்று எல்லோருக்கும் சொல்லிவிடவும் முடியாது. தனியாக ஒருதடவை, சேர்த்து ஒருதடவை கதைப்பது என்ற வழக்கத்தைக் கோச் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் யாரும் விசேடமாகக் குறிவைக்கப்படமாட்டார்.

கடைசி வேறுபாடுதான் எனக்குப் பெரியது: காலம். அமெரிக்காவில்கூட உடல்நலக் கோச்சுக்கு அரச உரிமம் இல்லை. 2017 முதல் ஒரு தேசிய சபை விருப்பத் தேர்வாகப் பரீட்சை நடத்துகிறது. அதற்குத் தோற்ற, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது நிமிடம் கொண்ட ஐம்பது அமர்வுகள் செய்திருக்க வேண்டும். நோயை நிர்ணயிக்கக் கூடாது, சிகிச்சை செய்யக் கூடாது என்று எல்லையும் கட்டியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மனவடு பற்றிய பாடம் இதற்கு வெளியே, வார இறுதி வகுப்பாக, காணொளிகளாக, கடைசியில் ஒரு பல்தெரிவு வினாத்தாளாக விற்கப்படுகிறது. அறிவு வருகிறது, அது பொய்யல்ல. நரம்பு மண்டலம் எப்படி விறைக்கும், ஏன் உறையும் என்று கோச் அழகாகச் சொல்லத் தொடங்குகிறார். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் மூச்சு முட்டி நடுங்கும்போது அவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடிந்ததாக யாரும் எண்ணவில்லை. பயின்றவர் ஊருக்குத் திரும்பிப் போய் வேலை செய்தார். மறுபடி வந்து, தான் சந்தித்த ஆளைப் பற்றி, பெயரை விட்டுவிட்டு, மூத்தவர் முன்னால் வைத்தார். என்ன கேட்டாய், அவர் என்ன செய்தார், உனக்கு அந்நேரம் என்ன நடந்தது? மூன்றாவது கேள்வி பயிற்சி கொடுத்தவர்களுக்கே அனுபவத்தில் வந்தது. பணியாளரும் அதே குண்டுவீச்சுக்குள், அதே இடப்பெயர்வுக்குள் இருந்தவர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அவரும் நடந்தார். பம்பலப்பிட்டிக் கோச்சும் வெளியில் நின்று பார்ப்பவர் அல்லர். அவருடைய தகப்பனும் 1983இல் அந்தக் கப்பலில் போயிருக்கலாம், அவரும் லொட்ஜில் பிறந்து வளர்ந்த பிள்ளையாக இருக்கலாம். வந்தவர் ஒரு சொல் சொல்ல, கோச்சின் சொந்த நெஞ்சு இடிக்கத் தொடங்கும். அதை வைத்துவிட ஒரு இடம் இல்லாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: பேச்சை மாற்றி ஆளைத் தள்ளிவைப்பார், இல்லாவிட்டால் நடு இரவிலும் வட்ஸ்அப்பில் பதில் சொல்லி ஆறு மாதத்தில் தானே விழுவார்.

அதனால் என் முடிவு இது. பாடத்திட்டத்தை அமெரிக்காவிடமிருந்து எடுக்கலாம். அடக்கம், தெரிவு, தொடாமை, எல்லை எல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. பயிற்சியின் உருவத்தை யாழ்ப்பாணத்திடமிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் வகுப்பும் ஒரு வருட மேற்பார்வையும் என்று வைத்தால், ஒரு வருடம்தான் பயிற்சி, இரண்டு நாள் அதற்கு முகவுரை. மேற்பார்வை இல்லாத சான்றிதழைவிடச் சான்றிதழ் இல்லாத மேற்பார்வையை நான் தயக்கமில்லாமல் தெரிவுசெய்வேன்.

செலவு பற்றிக் கேட்பார்கள். கோச்சுகள் தனித்தனி ஆட்கள், நிறுவனம் இல்லை, மேற்பார்வையாளருக்கு யார் காசு கொடுப்பது? வெளிநாட்டுச் சான்றிதழுக்கு டொலரில் கட்டும் பணத்தை எட்டுப்பேர் சேர்த்தால் ஒரு அனுபவமுள்ள உளவளத்துணையாளரை மாதம் இரண்டு மாலை அழைத்து வைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் கொழும்பில் குறைவு. வடக்கிலும் மட்டக்களப்பிலும் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலரின் பிள்ளைகள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். சிங்களம் பேசும் கோச்சுகளையும் அதே மேற்பார்வை வட்டத்தில் இருத்துவது நல்லது. அவர்களிடம் வரும் தமிழர் பலர். 1971ஐயும் 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சி ஆண்டுகளையும் சுமக்கும் சிங்களக் குடும்பங்களும் இதே காலி வீதியில் இருக்கின்றன.

வட்டம் கூடுவதற்கு முன்பே ஒவ்வொரு கோச்சும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தன்னால் ஏலாதபோது அனுப்பும் இடங்களின் பட்டியல். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926, சிசிசி நிறுவனத்தின் எண் 1333, 1974இலிருந்து கொழும்பில் இயங்கும் உளஆதரவு அமைப்பான சுமித்ரயோ, கிட்டிய அரச ஆசுப்பத்திரியின் மனநலக் கிளினிக். எண்ணை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதாது. கோச் தானே ஒரு இரவு, ஒரு பகல் அந்த எண்களுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு யார் எடுக்கிறார், தமிழில் பேச ஆள் எப்போது இருக்கிறார், பெண் ஒருவர் வேண்டுமென்றால் கிடைப்பாரா, கிளினிக்குக்குத் துண்டு வேண்டுமா, எந்தக் கிழமை, எந்த வாசல் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். நடுங்கிக்கொண்டு இருக்கும் ஒருவரிடம் எண்ணைக் கொடுத்து, அவர் அடித்து, விளங்காத மொழியில் குரல் கேட்டு வைத்துவிட்டால், இரண்டாவது தடவை அவர் யாருக்கும் அடிக்கமாட்டார்.